வேப்பமரத்து அளவு

ஒரே ஒரு வார்த்தைதான். 'கிரவுண்டு' என்று சொன்னாள் ரோசலின். அவ்வளவுதான் அவள் சொன்னது. நாலு வருஷமாக அந்த வார்த்தை திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு வீட்டையும் பழனிப் பக்கத்து நெய்க்காரப்பட்டியில் ஒரு மோட்டார் வைண்டிங் கடையையும் தனித்தனியாக நிறுத்தி வைத்திருக்கிறது.

திண்டுக்கல்லில் லேத் பட்டறை இருந்த இடத்தைச் சொந்தக்காரர் திருப்பிக் கேட்டபோது, "நம்ம ஊருக்கே போயிருவோம், தோட்டத்துக்குத் தோட்டம் போர் மோட்டார் ஓடுது, வேலைக்குப் பஞ்சமே இல்ல" என்றார் அவள் புருஷன் ராயப்பராஜ். பெண்கள் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர் வேலையை விட்டுவிட்டு வர முடியாது என்றாள் ரோசலின். பேச்சு வளர்ந்தது. "ஒனக்குப் புருஷன் வேணுமா, கிரவுண்டு வேணுமா?" என்று கேட்டுவிட்டார் மனுஷன். கேட்கக்கூடாத கேள்வி. அவளும் சூட்டோடு சூடாகச் சொல்லக்கூடாத பதிலைச் சொன்னாள். அந்த நேரத்தில் ரெண்டு பேரில் ஒருத்தர் சிரித்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ரெண்டு பேருக்குமே அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

மாசத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் ஷைனி பஸ் ஏறிப் போய் அப்பாவைப் பார்த்துவிட்டு வருவாள். ஷைனி இப்போது அம்மாவின் பள்ளிக்கூடத்திலேயே ப்ளஸ் ஒன். திரும்பி வரும்போது கையில் ஒரு பை கொய்யாப்பழமோ, உரித்த தேங்காய் நாலோ இருக்கும். யாருக்கு என்று அவர் சொல்லி அனுப்ப மாட்டார். யார் கொடுத்தது என்று ரோசலினும் கேட்க மாட்டாள். பழத்தில் நல்ல பழமாக ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்த் தனியாக உட்கார்ந்து தின்பாள்.

இனி அந்த மனுஷனாக வந்து பேசினால்தான் பேச்சு என்று மாதா படத்துக்கு முன்னால் அவள் சத்தியம் பண்ணியதைப் போன வாரம் பார்த்தோம். அந்தச் சத்தியம் ஒரு வாரம்கூட முழுசாகத் தாங்கவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானத்தோடு தொலைந்தது. எல்லாம் ஒரு இரும்பு முளையால் வந்த வினை.

*

விடிந்தால் மண்டல விளையாட்டுப் போட்டி. பத்துப் பன்னிரண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்து இறங்கும். பழனி ரோட்டோரம் இருக்கிற அந்தப் பள்ளிக்கூட மைதானத்தில் வெள்ளிக்கிழமை காலையில் ஒரு கோடுகூட இல்லை.

முதல் நாள் ராத்திரி நல்ல மழை. காலையில் வந்ததுமே ரோசலின் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள். தேங்கிய தண்ணீரை விளக்குமாற்றால் தள்ளப் போன பிள்ளைகளைச் சத்தம் போட்டு நிறுத்தினாள். தள்ளினால் தண்ணீரோடு மண்ணும் போகும், குழி இன்னும் பெரிசாகும். பழைய சாக்கைக் குட்டையில் போட்டு ஊறவிட்டுப் பிழிந்து, திரும்பப் போட்டுப் பிழிந்து, மிச்ச ஈரத்துக்கு மரமில்லிலிருந்து வந்த மரத்தூளைத் தூவி, அது உறிஞ்சியதும் அள்ளிவிட்டு, மேலே ஆற்று மணலைப் போட்டு மிதிக்கச் சொன்னாள். பத்து மணிக்குள் தரை காலில் ஒட்டாமல் வந்துவிட்டது. அதெல்லாம் அவளுக்குக் கைவந்த வேலை.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. லீவில் மைதானம் முழுக்கப் புதுச் செம்மண் அடித்து ரோலர் விட்டிருந்தார்கள். பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. ஆனால் வருஷா வருஷம் மங்கலாகவாவது தெரியும் பழைய சுண்ணாம்புத் தடம் அடியோடு போய்விட்டது. இருநூறு மீட்டர் ஓட்டப் பாதையை எங்கே ஆரம்பித்து எங்கே வளைப்பது?

எங்கேயாவது ஆரம்பித்தால் ஆகாது. அந்த மைதானத்துக்கு ஒரு பக்கம் காம்பவுண்டுச் சுவர், அதுவும் கோணல் சுவர். இன்னொரு பக்கம் தண்ணீர்த் தொட்டி. முதன்முதலில் அந்தப் பாதையை அங்கே அடக்குவதற்குள் புருஷனும் பொண்டாட்டியும் பட்டபாடு கொஞ்சநஞ்சமல்ல. சாயங்காலம் பட்டறையைப் பூட்டிவிட்டு ராயப்பராஜ் டி.வி.எஸ். வண்டியில் வந்து இறங்குவார். கயிற்றைப் பிடிப்பார்கள், சுவர் இடிக்கும். நகர்த்துவார்கள், தொட்டி இடிக்கும். கடைசியில் ஒருநாள் எல்லாக் கோடும் உள்ளே அடங்கி, கடைசிக் கோட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு முழம் இடமும் மிஞ்சியது. "இனி இந்தப் பாடு நமக்கு வேணாம்" என்று சொல்லி, வளைவுக்கு நடுப்புள்ளி எதுவோ அங்கே லேத்தில் கடைந்த ஒரு இரும்பு முளையை ராயப்பராஜ் அடித்து இறக்கினார். ஓடுகிற பிள்ளைக்குக் கால் தட்டாமல் ஒரு சாண் ஆழத்தில் புதைத்தார். தோண்டும்போது கண்ணில் படவேண்டும் என்று ரோசலின் அதன் தலையில் ஷைனியின் சிவப்பு ரிப்பனைக் கட்டினாள்.

கண்டுபிடிக்கச் சுலபமான வழி. கொடிக்கம்பத்திலிருந்து ஒரு கயிறு, தொட்டிக்குப் பக்கத்து வேப்பமரத்திலிருந்து ஒரு கயிறு. ரெண்டும் எங்கே முட்டுகிறதோ அங்கே தோண்டினால் முளை. அந்த ஒன்று கிடைத்தால் போதும், எதிர் வளைவு முதற்கொண்டு எல்லாம் வந்துவிடும். கொடிக்கம்பத்துக் கயிறு எப்போதும் ரோசலின் பிடிப்பாள். வேப்பமரத்துக் கயிறு எப்போதும் அவர் பிடிப்பார். அவளுடைய அளவு அவளுக்குத் தெரியும், அவருடைய அளவு அவருக்குத் தெரியும். ஒரே வீட்டில் இருக்கிறவர்கள் ஒருத்தர் அளவை ஒருத்தர் எதற்குக் கேட்டு வைத்துக்கொள்ளப் போகிறார்கள்?

நாலு வருஷத்துக்கு முன்னால், சண்டைக்கு ஒரு மாசம் முந்தி, கடைசியாக அதைத் தோண்டிப் பார்த்துத் திரும்ப அளந்து மூடினார்கள். அதற்கப்புறம் தேவைப்படவில்லை.

இன்றைக்குத் தேவைப்படுகிறது. வாட்ச்மேன் சின்னக்கண்ணு கடப்பாறையை வைத்துக்கொண்டு குத்துமதிப்பாக இங்கே ஒரு குத்து, அங்கே ஒரு குத்து குத்திக்கொண்டிருந்தார்.

"டீச்சரம்மா, கெணறே வெட்டிரலாம் போலயே."

தலைமையாசிரியை வராந்தாவில் வந்து நின்றார். "ரோசலின், சாயங்காலத்துக்குள்ள கோடு விழலைன்னா ஸ்போர்ட்ஸ் மீட்டை வேற ஸ்கூலுக்கு மாத்திருவாங்க. என்ன சொல்ல?"

"விழுந்துரும் சிஸ்டர்."

சொல்லிவிட்டு எதிரே கேட்டுக்கு வெளியே இருந்த எஸ்.டி.டி. பூத்தைப் பார்த்தாள். அளவு மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடலாம், இது பள்ளிக்கூட வேலை, சத்தியத்தில் சேராது என்று தனக்குத்தானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டாள். நாலு வருஷமாக அந்தக் குரலைக் கேட்க ஒரு சாக்குக் கிடைக்காதா என்று ஏங்கிக் கிடந்தவளுக்குச் செம்மண் லாரிக்காரன் புண்ணியத்தில் ஒரு சாக்குக் கிடைத்திருந்தது. அதுதான் உண்மை.

*

பூத்தில் தாஹிரா இருந்தாள். அந்தத் தெருவில் யார் யாருக்கு எப்போது பேசுகிறார்கள் என்பது தாஹிராவுக்குத் தெரிந்த அளவு பேசுகிறவர்களுக்கே தெரியாது.

"எந்த ஊருக்கு டீச்சர்?"

"நெய்க்காரப்பட்டி."

தாஹிராவின் கண் ரெண்டும் விரிந்தன. ரோசலின் அவளைப் பார்க்காமல் நம்பரைச் சொன்னாள். ஒரு தடவைகூடச் சுழற்றாத நம்பர். எந்தத் தாளையும் பார்க்காமல் தடதடவென்று வந்தது. உரக்கடைக்காரர் எடுத்து, "பக்கத்துக் கடைதானுங்க, இருங்க கூப்புடறேன்" என்று போனார். போனுக்குள் ஒரு மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. அது நின்றது. செருப்புச் சத்தம் வந்தது. அந்தச் செருப்புச் சத்தம் யாருடையது என்று அவளுக்குத் தெரியாதா என்ன!

"அலோ, யாருங்க?"

"நாந்தான்."

அந்தப் பக்கம் ரிசீவர் கை மாறுகிற சத்தம் கேட்டது. அப்புறம், "சொல்லுங்க" என்றார்.

சொல்லுங்களாம்! கட்டின பொண்டாட்டியை! பழனிப் பக்கத்து மரியாதை நாக்கில் ஏறிவிட்டதா, இல்லை வேண்டுமென்றே தள்ளி வைக்கிறாரா என்று புரியாமல் ரோசலின் ரிசீவரை இறுக்கிப் பிடித்தாள்.

"வேப்பமரத்து அளவு வேணும்."

"எழுபத்தோரு அடி நாலு அங்குலம்."

யோசிக்கவே இல்லை. கேட்ட மாத்திரத்தில் வந்தது.

"கயிறு மொத்த நீளமா?"

"மொத்த நீளந்தான். மரத்த ரெண்டு சுத்துச் சுத்தி, மிச்சத்த இழுக்கணும்."

"சரி."

"அங்க மழையா?"

"ம். ராத்திரி."

"மரத்தூள் போட்டியா?"

போட்டியா! 'ங்க' எங்கேயோ விழுந்துவிட்டது. ரோசலின் கண்ணை மூடிக்கொண்டாள்.

"போட்டேன்."

"வேற?"

வேற எவ்வளவோ இருந்தது. ஷைனிக்குப் போன மாசம் காய்ச்சல் வந்து ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தது, சமையல்கட்டுக் குழாய் ஒழுகுவது, சாயங்காலம் ஆறு மணிக்குத் தெருவில் எந்த டி.வி.எஸ். வண்டி வந்தாலும் இன்னமும் காது அந்தப் பக்கம் போவது. எல்லாம் நாக்கு நுனி வரை வந்து நின்றது.

"வேற ஒண்ணுமில்ல" என்று வைத்துவிட்டாள்.

தாஹிரா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். "ஏன் டீச்சர், நாலு வருஷம் கழிச்சுப் பேசுறீக. மரத்தையும் அடியையும் விட்டா ஒங்க ரெண்டு பேருக்கும் பேச ஒண்ணுமே கெடைக்கலையா?"

"வேலை கெடக்கு தாஹிரா, வாரேன்."

*

எழுபத்தோரு அடி நாலு அங்குலம். நைலான் கயிற்றில் அளந்து முடிச்சுப் போட்டு, வேப்பமரத்தை ரெண்டு சுற்றுச் சுற்றிச் சின்னக்கண்ணு கையில் கொடுத்தாள். கொடிக்கம்பத்திலிருந்து தன் கயிற்றை இழுத்துக்கொண்டு வந்தாள். மத்தியானச் சாப்பாட்டு மணிக்கு ஓடிவந்த ஷைனி நடுவில் நின்றாள். ரெண்டு கயிறும் முட்டிய இடத்தில் குச்சி நட்டுத் தோண்டினார்கள்.

புதுச் செம்மண் போனது. பழைய கரிசல் வந்தது. முழ ஆழம் போனது. முளையைக் காணோம். குழியை ஒரு கை அகலப்படுத்தினார்கள். ஒரு கல்தான் அகப்பட்டது.

"கயிறத் தொய்வா விட்டீங்களா சின்னக்கண்ணு?"

"அய்ய, நல்லா விடைப்பாத்தான் புடிச்சேன். ஒங்க வீட்டுக்காரரு சொன்ன கணக்குல ஏதோ கோளாறு டீச்சரம்மா."

ஷைனி வெடுக்கென்று சொன்னாள். "அப்பா மறந்துட்டாரும்மா. நாலு வருஷமாச்சு, அவருக்கு எங்க ஞாபகம் இருக்கப்போகுது? கேட்டதுக்கு வாய்க்கு வந்ததச் சொல்லிட்டாரு."

ரோசலின் குழி ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். முளை போனால் போகிறது. போட்டி வேறு பள்ளிக்கூடத்துக்குப் போனால்கூடப் போகட்டும். ஆனால் அந்த அளவை அவர் பட்டென்று சொன்னபோது, இந்த மனுஷன் நம்மை முழுசாக உதறிவிட்டுப் போகவில்லை என்று அவளுக்குள்ளே ஒன்று துளிர்த்திருந்தது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அது தப்பான அளவு என்றால், அவர் மனசில் இந்த மைதானமும் இல்லை, தானும் இல்லை. வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்துவிட்டார். அழுகை வந்தது. பிள்ளைகள் பார்க்கிறார்களே என்று சுண்ணாம்புத் தூள் கண்ணில் பட்ட மாதிரி துடைத்துக்கொண்டாள்.

"போயிச் சாப்புடு ஷைனி. நான் பாத்துக்கிறேன்."

ஷைனி போனாள். சாப்பிடப் போகவில்லை, கேட்டைத் தாண்டிப் போனாள் என்பதை ரோசலின் கவனிக்கவில்லை.

மத்தியானம் முழுக்க அவளும் சின்னக்கண்ணுவும் முதலிலிருந்து அளந்து பார்த்தார்கள். கயிற்று வேலைக்கு ரெண்டு வார்த்தை வேண்டும். ஒரு முனையில் இருப்பவர் "இழு" என்று கத்த வேண்டும், மறு முனை "போதும்" என்று கத்த வேண்டும். சின்னக்கண்ணு கயிற்றைப் பிடித்துக்கொண்டு வாயே திறக்காமல் ரோட்டில் போகிற பஸ்ஸைப் பார்த்தார். ராயப்பராஜ் "போதும்" என்று சொன்னால் மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்குக் கேட்கும். அந்தச் சத்தம் இல்லாமல் கயிறு பிடிப்பது அவளுக்கு உப்பில்லாத வெஞ்சனம் மாதிரி இருந்தது. மூணு தரம் போட்டாள். மூணு தரமும் கடைசிக் கோடு சுவருக்குள்ளே போனது.

*

நாலு மணி பெல் அடித்துப் பிள்ளைகள் கலைந்துகொண்டிருந்தபோது, அந்தக் கூட்டத்துக்கு எதிராக ஒரு ஆள் உள்ளே வந்தார். நீலச் சட்டை, கையில் ஒரு ரெக்ஸின் பை, இடுப்பில் இரும்பு டேப். காதோரம் நரைத்திருந்தது. சட்டை தோளில் தொளதொளவென்று தொங்கியது. இளைத்துவிட்டாரே, யார் வேளாவேளைக்குச் சாப்பாடு போடுகிறார்கள் என்றுதான் ரோசலினுக்கு முதலில் தோன்றியது. அப்புறம்தான் வந்திருப்பது யார் என்று முழுசாக உறைத்து, கையிலிருந்த கயிற்றை நழுவவிட்டாள்.

ராயப்பராஜ் அவளைப் பார்க்கவில்லை. நேரே மகளிடம் போனார்.

"யாருடி சொன்னது, என் அளவு தப்புன்னு?"

ஷைனி வானத்தைப் பார்த்தாள். "அம்மா தோண்டுனாங்க. வரல. அதான் போன் போட்டுச் சொன்னேன்."

"இருவது வருசம் லேத்துல நின்னவன் நான். ஒரு நூல் பெசகாது. அளவு தப்பாம்ல, அளவு!"

இதற்காக மனுஷன் கடையைப் பூட்டிவிட்டுப் பஸ் ஏறி வந்திருக்கிறார்! பொண்டாட்டிக்காக வராதவர் எழுபத்தோரு அடி நாலு அங்குலத்துக்காக வந்திருக்கிறார். ரோசலினுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது, ரெண்டுக்கும் மேலே வேறொன்றும் வந்தது.

"தண்ணி குடிக்கிறீங்களா?" என்றாள். நாலு வருஷத்துக்கப்புறம் முகத்துக்கு நேரே கேட்ட முதல் வார்த்தை அது.

"மொதல்ல மரம்."

மரத்தடிக்குப் போனார். கயிற்றைச் சுற்றப் போனவர் நின்றார். பையைக் கீழே வைத்துவிட்டு ரெண்டு கையாலும் மரத்தைக் கட்டிப் பிடித்தார். அப்படியே நின்றார். மற்றவர்களுக்குப் பார்க்கச் சிரிப்பாகத்தான் இருக்க வேண்டும். ரோசலினுக்கு அந்த மரத்தின்மேல் பொறாமையாக இருந்தது.

"ஏ ரோசலினு, இங்க வா."

போனாள்.

"முந்தி நான் இதக் கட்டிப் புடிச்சா இந்தக் கை அந்த மணிக்கட்டத் தாண்டிப் போகும். இப்பப் பாரு. வெரலே ஒண்ணுக்கொண்ணு எட்டல." தொட்டியிலிருந்து வழியும் தண்ணீர் மரத்தடியிலேயே ஓடிக்கொண்டிருந்தது. "குடிச்சுக் குடிச்சுப் பருத்துப் போயிருக்கு. ஒரு சுத்துக்கு ஒரு அடி. ரெண்டு சுத்துக்கு ரெண்டு அடிக் கயித்த இதுவே முழுங்கிருச்சு. அப்புறம் எப்படி அங்க எட்டும்? என் அளவு தப்பில்ல."

"தப்புன்னு நான் சொல்லல."

"மரந்தான் வளந்துருச்சு."

"நாலு வருசங்க." குரல் உடைந்துவிட்டது அவளுக்கு. "நாலு வருசம். நீங்க வாரவரைக்கும் அது வளராம நிக்குமா?"

ராயப்பராஜ் மரப்பட்டையைக் கையால் தடவினார். அப்புறம் கயிற்றில் ரெண்டு அடி கூட்டி முடிச்சுப் போட்டு, "நீ கம்பத்துக்குப் போ" என்றார். அவருடைய கண்ணும் சிவந்திருந்ததை அவள் பார்த்துக்கொண்டுதான் போனாள்.

"இழு!" என்று கத்தினாள்.

"போதும்!"

மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு வந்தது அந்தச் சத்தம். ரோசலின் ஒரு நொடி கயிற்றைப் பிடித்தபடி சும்மா நின்றாள்.

மத்தியானம் தோண்டிய குழிக்கு ரெண்டு மூணு அடி தள்ளி சின்னக்கண்ணு கடப்பாறையைப் போட்டார். 'ணங்' என்றது. மண்ணைக் கையால் விலக்கினால் ரிப்பன் முடிச்சு. சிவப்பெல்லாம் போய் மண் நிறமாக இருந்தது, ஆனால் முடிச்சு அவிழவில்லை. "என் ரிப்பன்!" என்று ஷைனி கத்தினாள்.

*

அப்புறம் வேலை தானாக ஓடியது. முளையில் கயிற்றை மாட்டி ராயப்பராஜ் நடுவில் நின்றார். கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, அடியில் ஆணியால் ஓட்டை போட்ட பால்பவுடர் டின்னைத் தட்டித் தட்டி ரோசலின் வளைவைச் சுற்றி வந்தாள். காயாத செம்மண்ணில் சுண்ணாம்பு பறக்காமல் அப்பிப் பிடித்தது. அவர் நின்ற இடத்திலேயே அவள் பக்கம் திரும்பிக்கொண்டே இருந்தார். கயிறு விடைத்திருக்கும்வரை அவள் கிட்டேயும் போக முடியாது, எட்டவும் போக முடியாது. நாலு வருஷமாக அவள் இருந்த நிலைமையும் அதுதான். ஆனாலும் இன்றைக்கு அந்த முனையில் ஆள் இருந்தார். அவளுக்கு அது போதும்போல இருந்தது, போதாதுபோலவும் இருந்தது.

பொழுது சாயும்போது கடைசிக் கோடு சுவருக்கு ஒரு முழம் விட்டு அழகாகப் போய்ச் சேர்ந்தது.

மூடி அடிக்கிற வேலைதான் மிச்சம். கோடு ஆரம்பிக்கிற இடம், முடிகிற இடம், வளைகிற இடம், ஒவ்வொன்றிலும் சோடா மூடியை வைத்து நடுவில் ஆணியை இறக்கிவிட்டால், சுண்ணாம்பு கலைந்தாலும் இடம் கலையாது. ஷைனி வருஷம் முழுக்கப் பெட்டிக்கடையில் பொறுக்கிய மூடி ஒரு சாக்கு இருந்தது.

"நானும் ஷைனியும் அடிச்சுக்கிறோம். ஒங்களுக்கு நேர் பஸ்ஸு இன்னும் செத்த நேரத்துல வந்துரும். அத விட்டா வேற கெடையாது" என்றாள் ரோசலின். இருங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. போகச் சொல்லத்தான் வருகிறது இந்தப் பாழாய்ப்போன வாய்க்கு.

அவர் குழாயில் கை கழுவிவிட்டுப் பையை எடுத்தார். கேட்டு வரைக்கும் அவளும் கூடவே போனாள். கேட்டில் கை வைத்தவர் திரும்பினார்.

"ரோசலின்."

"ம்."

"அன்னைக்கு ஒண்ணு கேட்டேன்ல ஒன்னைய."

"ஆமா."

"இப்ப ஒண்ணு கேக்கணும்."

அவள் புறங்கையில் ஒரு துளி விழுந்தது. அப்புறம் நெற்றியில் ஒன்று. தொட்டிப் பக்கம் வேப்பிலை படபடவென்று சத்தம் போட ஆரம்பித்தது. முதுகுக்குப் பின்னால் புதுச் சுண்ணாம்புக் கோடு. ஒரு மூடிகூட இன்னும் அடிக்கவில்லை. மற்ற எந்த நாளாக இருந்தாலும் ரோசலின் இந்நேரம் பாதி மைதானம் ஓடியிருப்பாள். இன்றைக்கு அவள் கால் நகரவில்லை. போனால் போகட்டும். கோடு போகட்டும், போட்டி போகட்டும். இந்த மனுஷன் வாயிலிருந்து அது வரட்டும்.

"கேளுங்க" என்றாள்.

மழை கொட்டத் தொடங்கியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "கேளுங்கன்னு சொல்றேன்ல."

ராயப்பராஜ் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலே எட்டி மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏ! கோடு போகுதுடி!" என்று கத்தினார். "இங்க என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிற? சுத்தியல எடு, ஓடு!"

பையைக் கேட்டோரம் வீசிவிட்டு, பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு அவர் ஓடினார். கிரவுண்டைப் பார்த்து ஓடினார்! ரோசலின் ஒரு கணம் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். அப்புறம் சிரித்தாள். நாலு வருஷத்துக்கு முன்னால் வந்திருக்க வேண்டிய சிரிப்பு, இப்போது மழையில் நனைந்துகொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே அவர் பின்னால் ஓடினாள்.

அவள் மூடியை வைத்து ஆணியைப் பிடிப்பாள், அவர் அடிப்பார். ஒரு அடிகூட அவள் விரலில் படவில்லை. ஷைனி குடையை அவர்கள் தலைக்குப் பிடிக்காமல் கோட்டுக்குப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினாள். "அந்த மூலை, அந்த மூலை!" என்று சின்னக்கண்ணு சாக்கைத் தூக்கிக்கொண்டு கத்தினார். கடைசி மூலைக்குப் போகும்போது வெள்ளை அநேகமாகக் கரைந்து தண்ணீரோடு ஓடிக்கொண்டிருந்தது. "இங்க" என்று ரோசலின் விரல் வைத்தாள். அவர் அடித்து இறக்கினார்.

முடிந்தது. மைதானத்தில் ஒரு கோடு இல்லை. எல்லா மூடியும் இருந்தது. காலையில் மூடிக்கு மூடி கயிறு பிடித்தால் கோடு திரும்ப வந்துவிடும்.

சுவருக்கு அந்தப் பக்கம் பஸ் ஒன்று ஹாரன் அடித்தது. நிறுத்தத்தில் நின்றது, விசில் கேட்டது, பழனிப் பக்கம் போய்விட்டது. ரெண்டு பேருக்கும் கேட்டது. ரெண்டு பேருமே கேட்டுப் பக்கம் நகரவில்லை.

ஷைனிக்குத்தான் பொறுக்கவில்லை. "அப்பா, ஒங்க பஸ்ஸு போயிருச்சே?"

"காலைல கயிறு யாரு புடிப்பா? சின்னக்கண்ணுவா?" என்றார் ராயப்பராஜ், தலையைத் துவட்டிக்கொண்டே.

ரோசலின் முந்தானையைப் பிழிந்தாள். கேட்காமல் இருக்க முடியவில்லை. "என்னமோ கேக்கணும்னீங்களே. அதே கேள்விதானா?"

"அது இல்ல. இது வேற."

"என்னது?"

அவர் கேட்டோரம் கிடந்த பையை எடுத்து, சேற்றைத் தட்டி, தோளில் மாட்டினார். அவள் என்ன பதில் சொல்லிவிடுவாளோ என்று பயந்தவர் மாதிரி மெல்லக் கேட்டார்.

"வீட்டுப் பூட்ட மாத்திட்டியா?"

"இதுவா அந்தக் கேள்வி?"

"இல்ல. அது வீட்டுக்குப் போயி. மொதல்ல இதச் சொல்லு."

"மாத்தல" என்றாள் ரோசலின்.

ராயப்பராஜ் ஈரச் சட்டைப் பைக்குள் கையை விட்டார். சாவிக்கொத்தில் நெய்க்காரப்பட்டிக் கடைச் சாவியோடு சேர்ந்து, நாலு வருஷத்துக்கு முன்னால் கோபத்தில் எடுத்துக்கொண்டு போன அந்த வீட்டுச் சாவியும் கிடந்தது. துரு இல்லை, தேய்த்து வைத்திருந்தார். அந்த இன்னொரு கேள்வி என்னவாக இருக்கும், அதற்குத் தான் என்ன பதில் சொல்லப்போகிறோம் என்று ரோசலினுக்குத் தெரியவில்லை. இந்தத் தடவை ஒரே வார்த்தையில் மட்டும் சொல்லிவிடக்கூடாது என்று நினைத்துக்கொண்டாள். ஷைனி குடையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள், அவர்கள் ரெண்டு பேரையும் நனையவிட்டுவிட்டு.